தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற அக்கா

வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் வாசலைப் பார்ப்பார்கள். எந்தத் திசை, நிலைக்கதவில் என்ன மரம், அப்புறம் ஹால், அப்புறம் பூஜை அலமாரி. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கக்கூசுக்குப் போவார். ஃபிளஷ் டேங்கின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே கையை விட்டு அடியில் ஒரு தடவு தடவுவார். விரலில் செந்நிறமாக வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தால், விற்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் முகத்துக்கு நேரே அந்த விரலை நீட்டுவார்.

"நல்ல தண்ணின்னு சொன்னியே நைனா, இன்னா இது?"

வெளியே வந்த பிறகு எனக்கு விளக்கம் சொல்வார். "ஊட்ட விக்கறவன் டேப்ப தொடைப்பான், சிங்க்க தேய்ப்பான், பக்கெட்ட புதுசா வாங்கி வெப்பான். டேங்குக்குள்ள மட்டும் எவனும் கழுவ மாட்டான்க்கா. அங்க கை உட்டா போர் தண்ணி யோக்கியத தெரிஞ்சிரும்."

அக்காவுக்கு இதில் பட்டமும் கிடையாது, யாரும் பழக்கிவிடவும் இல்லை. பதினாலு வயதிலிருந்து சித்தாளாக மணலும் ஜல்லியும் சுமந்தவர். அப்புறம் முதுகு ஒத்துழைக்காமல் போனதும், கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் புது வீடுகளைக் கழுவிக் கொடுக்கும் வேலைக்கு வந்தார். டைல்ஸில் காய்ந்து கிடக்கும் சிமெண்டைச் சுரண்டுவது, பெயிண்ட் சொட்டுகளை எடுப்பது, ஆசிட் போட்டுத் தேய்ப்பது, கடைசியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளுவது. மேனாம்பேடு, வானகரம், வேலப்பன்சாவடி என்று எந்தப் பக்கம் வண்டியில் போனாலும் பின்னாலிருந்து குரல் வரும், "இந்த ஊடு நா கழுவனதுக்கா. அடுப்படி தண்ணி வெளிய போவாது." ஒரு வீட்டின் தரையில் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்பது கட்டியவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் தேங்கினதைத் தள்ளிவிட்டவர் அவர்தான்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். இருந்தாலும் நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். இரண்டு பேரும் அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

நான் கோவில்பட்டிக்காரி. அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதில் குற்றம் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் வீடு என்று வந்துவிட்டால், மாடுலர் கிச்சனைப் பார்த்த மாத்திரத்தில் என் புத்தி புல் மேயப் போய்விடும்.

அக்காவை முதன்முதலாகப் பார்த்தது மேனாம்பேட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது. எதிர் ஃபிளாட்டில் கிரகப்பிரவேசம். வீட்டைக் கழுவிக் கொடுத்தவர் என்பதால் அவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் பட்டுப்புடவை சரசரக்க ஒவ்வொருவரையும் குளியலறை வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையில் பாயசத்தோடு நின்று எட்டிப் பார்த்தார்.

"இங்க குளிக்கிற தண்ணி ஹாலுக்குத்தான் வரும்மா. வாசப்படியில ரவூண்டு மேடு கட்டி வெச்சிரு."

கூடியிருந்த சொந்தபந்தம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாளின் மாமியார்தான் முதலில் பேசினார். "நல்ல நாளும் அதுவுமா இப்படியா வாய வைப்பாங்க?"

"நல்ல நாளுன்னா தண்ணி நின்னுக்குமா பெரியம்மா? அதுக்கு மூஞ்சி தாட்சண்யம் கெடையாது" என்று சொல்லிவிட்டு அக்கா மிச்சப் பாயசத்தைக் குடித்தார். நாலாம் நாள் அந்த வீட்டு மிதியடி எங்கள் பொது கிரில்லில் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கே அவருடைய நம்பரைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன்.

அப்புறம் ஏழெட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமையானால் என் வண்டியின் பின்சீட்டில் அக்கா. என் கணவர் முன்னால் புரோக்கரோடு போய்க்கொண்டிருப்பார். அவர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஈசானிய மூலையைத் தேடுவார். அக்கா வாளியைத் தேடுவார். குளியலறையில் ஒரு வாளி, பால்கனியில் ஒரு வாளி. ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு மாடிக் குழாயில் நூல் மாதிரி வருகிறதா என்று பார்ப்பார். தரையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு, "நாலு செவுத்துல ஒரே ஒரு செவுரு மட்டும் புதுசா பெயிண்டு அடிச்சிகினு நின்னா, அத்த போய் மொதல்ல வெசாரி."

எந்த வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். "குடிச்சிட்டா வாயி கட்டிக்கும்" என்பார். வெயிலில் நா வறண்டு வந்தாலும் தெருமுனைக்குப் போய்த்தான் தண்ணீர் பாக்கெட் வாங்குவார். தெருமுனையில் அவருக்கு வேறொரு வேலையும் உண்டு. இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் நின்று பேச்சுக் கொடுப்பார். மழையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் எந்தத் தெருக்காரரும் நிற்காது என்றுதான் சொல்வார் என்பது அவர் கட்சி. "மழ காலத்துல வண்டிய எங்க தள்ளிகினு போய் வெப்ப அண்ணாத்தே?" என்று கேட்பார். அவர் கை நீட்டிக் காட்டுகிற இடம்தான் அந்தத் தெருவின் மேடு.

புரோக்கர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "மேடம், அந்தம்மா வேணாம் மேடம், நீங்களும் சாரும் மட்டும் வாங்க" என்று ஒருவர் என்னிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். சில வீடுகளில் எனக்கே தர்மசங்கடமாக இருக்கும். ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டை விற்க நேர்ந்தவர்கள் கண் கலங்க நிற்பார்கள். அக்கா அவர்கள் எதிரிலேயே, "இங்க உப்பு பூத்திருக்கு பாரு" என்று சுவரைச் சுரண்டுவார். ஒருமுறை பொறுக்காமல் கேட்டேவிட்டேன், "ஏன்க்கா, வெளிய வந்து சொன்னா ஆகாதா? அவங்க மனசு எவ்வளவு கஷ்டப்படும்?"

"அவங்க பொட்டியத் தூக்கிகினு பூடுவாங்க. இந்த ரூமுல யாரு படுக்கப் போறா?"

இந்தக் கேள்விதான் அவர். ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழைந்ததும் இதைத்தான் கேட்பார். எத்தனை சதுர அடி, எத்தனை ஜன்னல் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். யார் படுப்பார்கள், தலையை எந்தப் பக்கம் வைப்பார்கள், ராத்திரி எழுந்தால் எத்தனை அடி நடக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் குற்றத்தை எடை போடுவார்.

கடைசியில் நாங்கள் வாங்கியது மேனாம்பேட்டிலேயே லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட். அதற்கு மேல் மொட்டை மாடி. ஆனி மாதக் கடைசி, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் பதியக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒற்றைக்காலில் நின்றார்கள். வக்கீல் வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வங்கியிலிருந்து வந்த இன்ஜினியர் பத்து நிமிடத்தில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா மட்டும் பின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இது சரி இல்ல. ஐப்பசி வரைக்கும் இருந்து மழையில ஒரு தபா பாத்துட்டு வாங்குக்கா."

"அதுக்குள்ள வேற யாராவது வாங்கிருவாங்கக்கா."

"இந்த ரூமுல யாரு படுக்கப் போறா?"

"யாராவது விருந்தாளி வந்தா..."

அக்கா யோசித்தார். "விருந்தாளியா? அப்ப பரவால்ல. ரெண்டு நாளு ஈரத்துல படுத்தா சட்டுனு ஊருக்குக் கெளம்பிருவாங்க."

வாங்கினோம். ஐப்பசியில் அந்தச் சுவர் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றது. வக்கீலின் தாளில் இல்லாத வில்லங்கம் அங்கே இருந்தது. அழுதுகொண்டே போன் செய்தேன். அக்கா வந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் பிளவு இருப்பதாகச் சொன்னார். அதை உடைத்துச் சரிசெய்யக் கட்டிடத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொள்ளவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று பீரோவை அந்தச் சுவர்ப்பக்கம் நகர்த்தி வைத்தோம். ஒரு பக்கம் நான் தள்ளினேன், மறுபக்கம் தள்ளியது அக்கா.

நாலு வருடம் கழித்து, ஒரு வைகாசியில் திண்டுக்கல்லிலிருந்து போன் வந்தது. மாமனாருக்குப் பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மாமியார் முன்பே இறந்துவிட்டார், கணவர் ஒரே பிள்ளை. இங்கே கூட்டி வந்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் இரண்டு மாடி ஏறி எப்படி வருவார்? அதனால் எங்கள் ஃபிளாட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்குவது என்று தேடினோம். வானகரத்தில் ஒரு தனி வீடு அமைந்தது. படியே கிடையாது, சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகும். வீட்டுக்காரர் பிளக் பாயிண்டுகளை எல்லாம் தலை உயரத்துக்கு மாற்றி வைத்திருந்தார். பேரக் குழந்தைகள் கை வைத்துவிடக் கூடாதாம். என்ன பொறுப்பான மனிதர் என்று கணவரிடம் சொல்லி மெச்சிக்கொண்டேன். எங்கள் ஃபிளாட் விலைபோனதும் அதை முடித்துவிடுவது என்று வாய்ப்பேச்சாகப் பேசி வைத்தோம்.

அந்த வீட்டுக்கு அக்காவை நான் கூட்டிப் போகவில்லை. அவர் வந்தால் எதையாவது சொல்வார். மாமனார் திண்டுக்கல்லில் பக்கத்து வீட்டார் தயவில் கிடக்கிறார், இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அதுவும் ஆனி மாதம்தான், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

எங்கள் ஃபிளாட்டைப் பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. பின் அறைச் சுவருக்கு அந்த வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்தேன். பீரோவும் அதன் இடத்தில் இருந்தது. எல்லாம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. "எங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க கீழ வந்துட்டு இருக்காங்க, அவங்களும் ஒரு தடவ பாத்துடட்டும்" என்றாள் அந்தப் பெண்.

படியேறி வந்தது அக்கா.

எனக்கு ஒரு கணம் சந்தோஷம்தான். நம்ம ஆள்! கையைப் பிடித்து, "வாங்கக்கா, காபி போடுறேன்" என்றேன். எங்கள் வீட்டில் அவர் குடித்த காபிக்குக் கணக்கே இல்லை. அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "இன்னிக்கி வேணாங்க்கா" என்றார். பார்க்க வந்த வீட்டில் அவர் காபி குடிக்க மாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஃபிளஷ் டேங்க், வாளித் தண்ணீர், குழாய்கள் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கடைசியாகப் பின் அறை. அக்கா அந்தப் பெண்ணைக் கேட்டார், "இங்க யாரு படுக்கப் போறாம்மா?"

"பாப்பாவுக்குத்தான். அவளுக்கு அடிக்கடி வீசிங் வரும். ஹாஸ்பிட்டலுக்கே பாதி நாள் போயிடுது. அதான் தனியா, தூசி இல்லாம வச்சுக்கலாம்னு."

அக்கா பீரோவுக்கு முன்னால் போய் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. சொந்தத் தங்கையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார், அதுதான் என்னை அறுத்தது.

"அக்கா, நீ சொல்றியா, நா சொல்லட்டா?"

நான் சொன்னேன். பீரோவுக்குப் பின்னால் ஈரம் இறங்கும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரைக்கும், எங்கே பிளவு, ஏன் சரிசெய்ய முடியவில்லை, பெயிண்ட் இந்த வாரம்தான் அடித்தது, எல்லாம். அந்தப் பையன் நன்றி சொன்னான். அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அவர்கள் வாங்கப் போவதில்லை என்பது படியிறங்கும் சத்தத்திலேயே தெரிந்தது.

கதவைச் சாத்தியதும் அக்காவைப் பார்த்து வெடித்தேன். "எங்க மாமா அங்க ஒத்தையில கெடக்காரு. தூக்கி ஒக்கார வைக்க ஆளில்ல. இது வித்தாதான் அந்த வீடு. கெடுத்துட்டீங்களேக்கா! நம்ம வீடுன்னு ஒரு இது வேண்டாமா?"

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "எந்த ஊடு? எங்கிட்ட நீ காமிக்கவே இல்லியே?" என்றார்.

நான் சாத்திய கதவையே மறுபடி தாழிட்டேன்.

"வண்டிய எடு. இப்பவே போலாம்."

வானகரத்து வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா இந்தத் தடவை கக்கூசுக்குப் போகவில்லை. ஹாலிலேயே நின்றுவிட்டார். பிளக் பாயிண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஃபிரிட்ஜுக்குக் கீழே இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டியிருந்தது. அதைக் கையால் தட்டினார். அலமாரியின் கீழ்த்தட்டுகள் காலி, மேல்தட்டுகளில் சாமான் பிதுங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நானும்தான் மூன்று முறை பார்த்திருந்தேன். விற்கிறவர் குழந்தைகள், கை, ஷாக் என்று ஆரம்பித்தார். அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"ஒங்க மாமனாரு எழுந்து நிப்பாரா?"

"இல்லக்கா. அவரால முடியாது."

"அப்ப இந்த பிளக்கு ஒசரத்துக்கு அவர யாரு தூக்கி வெப்பாங்க?"

மழைத் தண்ணீருக்குப் பயந்துதான் அந்த வீட்டில் எல்லாமே மேலே ஏறியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பகல் பொழுதொன்றில் அந்த அறைக்குள் தண்ணீர் வருவதும், கட்டிலில் அவர் அசையாமல் கிடப்பதும் கண்முன்னால் வந்து நின்றது. அந்த வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை, வீட்டை விற்கிற மனிதர், அவ்வளவுதான். காலையில் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்து வண்டியில் சாய்ந்து அழுதேன். "இப்ப நான் அவர எங்கக்கா வைப்பேன்?"

"ஒன் ஊட்ல."

"ரெண்டு மாடிக்கா!"

அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது அப்போதுதான். "நாலு மாடிக்கு ஜல்லி ஏத்துனவகிட்ட வந்து ரெண்டு மாடின்ற! ஒரு மனுசன ஏத்த முடியாதா? டெய்லியா ஏத்தப் போறோம்?"

ஆவணியில் மாமனார் வந்து இறங்கினார். கைவைத்த மர நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்து வேட்டியால் கட்டினோம். பெரியவர் முதுகு மேலே போக வேண்டும், முகம் கீழே பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். மேல்பக்கம் கணவரும் வாட்ச்மேனும். பாரம் இறங்குகிற கீழ்ப்பக்கம் மூன்றாவது ஃபிளாட் பையனும் அக்காவும். ஒரு பெண்பிள்ளை தூக்குகிறாளே என்று மாமனார் வெட்கத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"பெரியவரே, கண்ணத் தொறந்துக்க. நீ பயந்தா வெயிட்டு ஜாஸ்தியாவுது."

நோய் வந்த பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். வாய் ஒரு பக்கம்தான் போனது. முன் அறையில், ஜன்னலோரம், உலர்ந்த சுவரை ஒட்டி அவருக்குக் கட்டில் போட்டோம். அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

இப்போது அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. மகளோடு திருவள்ளூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், நம்பரும் மாறிவிட்டது. கடைசியாக அவரோடு பேசியது புரட்டாசி பிறந்த அன்றைக்குத்தான். வானத்தில் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. காலையில் போன் செய்தார். மாமனாரை விசாரித்தார். நான் பெருமையாக, "நல்லவேளை தப்பிச்சோம்க்கா, அந்த வீடு வித்துப்போச்சாம், புரோக்கர் சொன்னாரு" என்றேன்.

"யாரு வாங்குனாங்க?"

"தெரியலக்கா."

"யாருன்னு தெரிலியா? அவங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"நமக்கு எதுக்குக்கா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நா வேலப்பன்சாவடியில ஒரு ஊடு கழுவிகினு கீறேன்க்கா, இங்கருந்து அந்த ஊட்டுக்குப் போய் சொல்றதுக்கு சாயங்காலம் ஆயிரும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வானகரத்து வீட்டு கேட்டில் மாவிலைத் தோரணம் இன்னும் காயாமல் இருந்தது. மணி அடித்ததும் ஒரு பெண் சிரித்த முகமாக, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு என்னைத் தெரியாது. மழைக்கு இந்த வீட்டுக்குள்ள தண்ணி வரும்ங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.